ஏழாம் குறிப்பு

தூத்துக்குடி
4-11-1946

அன்புள்ள தம்பி பவுலுக்கு,

அண்ணன் கிருபாநிதி எழுதிக்கொண்டது. கர்த்தரின் தயவால் நானும் உன் மதினி செல்லக்கனியும் சுகமாயிருக்கிறோம். வாடை தொடங்கியதும் வழக்கமாக வரும் விரல் மூட்டு வலி இடது கையில் வந்துவிட்டது. மற்றபடி குறையில்லை. நீயும் உன் வீட்டாரும் குழந்தை செண்பகமும் சுகந்தானே? செண்பகத்தைக் குழந்தை என்று எழுதுவதை நிறுத்தச் சொல்கிறாள் மதினி. இருபது வயதாகிவிட்டதாம்.

ராஜதுரை கருப்பட்டிச் சிப்பங்களோடு அடுத்த கப்பலில் கொழும்புக்கு வருகிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு தகரக் குழாயையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். குழாய்க்குள் ஒன்பது தாள்கள் உள்ளன. உப்புக் காற்று படாமல் மெழுகுத்துணி சுற்றியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் போதித்த காலத்திலிருந்து நான் என்ன செய்துவருகிறேன் என்பது உனக்குத் தெரியும். பாக் என்ற ஜெர்மானியர் இருநூறு வருஷத்துக்கு முன் ஹார்ப்ஸிகார்டு என்ற பழைய விசை வாத்தியத்துக்கும் லூட் என்ற தந்தி வாத்தியத்துக்கும் எழுதிய சங்கீதத்தைக் கிதாருக்கு மாற்றி அமைக்கிறேன். பதினொரு வருஷத்தில் முப்பது உருப்படிகள் முடிந்திருக்கின்றன. உனக்கு அனுப்பியிருப்பது அவற்றுள் மிகக் கடினமானது, ஒரு ப்யூக். மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். லூட்டில் பதின்மூன்று வரிசைத் தந்திகள். நமக்கு ஆறுதான், அழுத்துவதற்கு விரல் நான்குதான். ஆகவே எதை விடுவது என்று தீர்மானிப்பதிலேயே காலமெல்லாம் போய்விட்டது. முப்பத்தோராம் பாரில், அதாவது முப்பத்தோராம் தாளப் பகுதியில், நடுக்குரலை விட்டேன், பிறகு சேர்த்தேன், மறுபடியும் விட்டேன். விட்டது சரிதானா என்று இன்றுவரை நிச்சயமில்லை.

இந்த ப்யூக்கை நான் முழுவதுமாகக் கேட்டதில்லை. இரண்டு பார் வாசிப்பேன், கை நோகும், நிறுத்துவேன். அப்புறம் அடுத்த இரண்டு பார். சாவித் துவாரம் வழியாகவே ஒரு வீட்டைப் பதினொரு வருஷம் பார்த்தவன் நிலைதான் என்னுடையது.

சென்னையில் சங்கீதப் புத்தகங்கள் அச்சிடும் ஒருவர் முப்பதையும் பார்வைக்கு வாங்கி வைத்திருக்கிறார். மேடையில் கிதார் வாசிக்கும் ஒருவர், 'இவை கையில் அடங்குகின்றன, பிழையில்லை' என்று இரண்டு வரி நற்சாட்சி தந்தால் அச்சுக்கு எடுப்பதாக எழுதியிருக்கிறார். மேடையில் வாசிக்கும் ஆள் எனக்குத் தெரிந்து நீதான்.

அண்ணன் என்பதற்காகப் புகழாதே. வாசித்துப் பார்த்து, சரியா தவறா என்று சொல். பதினொரு வருஷமாக எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

வாசிக்க வேண்டிய முறையை முதல் தாளில், தலைப்புக்கும் என் பெயருக்கும் கீழே, பத்துக் குறிப்புகளாக எழுதியிருக்கிறேன். சற்று நீளம். பொறுமையாகப் படி.

அனைவருக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்,
கிருபாநிதி


கொழும்பு
19-12-1946

அன்புள்ள அண்ணனுக்கு,

பவுல் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் கை எப்படி இருக்கிறது? மதினியின் இருமல் நின்றதா? கிறிஸ்துமஸுக்குச் செண்பகத்துக்குப் பச்சைப் பட்டு எடுத்திருக்கிறோம். அவள் உயரத்தைப் பார்த்தால் நீங்கள் அசந்துபோவீர்கள்.

குழாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆபீஸில் கப்பல் மேல் கப்பலாக வந்துகொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. நான் சேர்ந்திருக்கும் மியூசிக் சொசைட்டியில் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறார்கள். செக்ரட்டரி தேவபிரசாதம் நம் பக்கத்து மனுஷர், நாசரேத்துக்காரர், தேயிலையில் பெரிய ஆள். 'பவுல், எல்லாரும் வால்ட்ஸ் வாசிக்கிறார்கள், நீர் ஏதாவது கனமாக வாசியும்' என்கிறார்.

உங்கள் ப்யூக்கை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தந்தி எண்ணும் கட்ட எண்ணும் போட்டுக் கொடுத்திருப்பதால் என்னைப் போன்ற அரைகுறைக்கும் வசதியாக இருக்கிறது. ஒரு சந்தேகம். ஆறாவதான கீழ்த் தந்தி வரும் இடங்களில் காதுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டுமா?

இதே போல இன்னும் இரண்டு, சின்னதாக இருந்தால் அனுப்புங்கள்.

அன்புத் தம்பி,
பவுல்


தூத்துக்குடி
2-1-1947

அன்புள்ள தம்பி பவுலுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். மதினியின் இருமல் நின்றுவிட்டது. நீ கேட்டதைச் சொன்னேன், சந்தோஷப்பட்டாள். செண்பகம் பச்சைப் பட்டில் எடுத்துக்கொண்ட படம் இருந்தால் அனுப்பு.

நீ வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நடந்து வந்தேன். கடற்கரை வரை போய்விட்டேன் போலிருக்கிறது. தோணிக்காரர்கள் இரண்டு பேர், என்ன சார்வாள் இந்த வெயிலில் என்று கேட்டார்கள்.

கீழ்த் தந்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது முதலில் கரகரப்பாகத்தான் கேட்கும், நாலு நாளில் காது பழகிவிடும். அந்த இடங்களை மாற்றிவிடாதே. எதற்கும் முதல் தாளில் ஏழாம் குறிப்பை இன்னொரு முறை பார்த்துக்கொள். நான் செய்ததில் எல்லாமே அதில்தான் நிற்கிறது. அதன்படி செய்த பிறகும் ஒரு மாதிரி இருந்தால் குற்றம் என்னுடையது; எந்தப் பார் என்று எழுது, மறுபடி யோசிக்கிறேன்.

முப்பத்தோராம் பாரைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே. நடுக்குரல் இல்லாதது உன் காதுக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்றால் நான் தோற்றேன்.

சென்னைக்காரர் இன்னொரு முறை எழுதியிருக்கிறார். இரண்டே வரி போதும் என்கிறார். சின்ன உருப்படிகள் இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
கிருபாநிதி


கொழும்பு
25-2-1947

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சௌக்கியம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன். ஏழாம் குறிப்பைப் பார்த்தேன், விளங்கிற்று. நற்சாட்சியை நிதானமாக உட்கார்ந்து நல்ல முறையில் எழுத வேண்டும், அதனால்தான் தாமதம். படம் அடுத்த தபாலில்.

பவுல்


தூத்துக்குடி
30-3-1947

அன்புள்ள தம்பி பவுலுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். படம் இன்னும் வரவில்லை.

நேற்று ராஜதுரை வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"சார்வாள், ஒங்க தம்பி பெரிய ஆளுல்லா. நம்ம ஊரு ஆளு மேடையில இருக்காரு, கீழ வெள்ளைக்காரனும் பறங்கியுமா உக்காந்திருக்கான். நான் எப்படிப் போனேன்னு கேளுங்க. தேவபிரசாதம் அண்ணாச்சி டிக்கெட் குடுத்தாவ. சட்டைய மாத்திக்கிட்டு வாலேன்னாவ, போனேன்."

என்ன வாசித்தான் என்று கேட்டேன்.

"அது எனக்கென்ன தெரியும்? ஒண்ணு ரொம்ப நேரம் போச்சு. ஒரே ஆளு வாசிக்காரு, மூணு பேரு பேசிக்கிட்டே வெரட்டிப் புடிச்சு வெளையாடுத மாதிரி இருந்துச்சு."

அதுதான் ப்யூக். ஒரு கருப்பட்டி வியாபாரிக்கு மூன்று குரலும் கேட்டிருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"கைதட்டுன்னா கைதட்டு, அப்படி ஒரு கைதட்டு. ஒரே ஒரு வெள்ளைக்காரன் மட்டும் நடுவுல நடுவுல வேப்பங்காயத் தின்னவன் கணக்கா மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே இருந்தான். கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவனாம். வயித்து வலியோ என்னமோ."

எந்தெந்த இடத்தில் சுளித்தார் என்று கேட்டேன். அவரிடம் போய்ப் பார் எண் கேட்டது என் புத்தி. அவர் என்னைப் பார்த்த பார்வை உனக்குப் புரியும்.

போகும்போது நிகழ்ச்சித் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மார்ச் எட்டாம் தேதி கச்சேரி என்று போட்டிருக்கிறது. பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி நீ எழுதியபோது அது அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். ப்யூக்கின் பெயருக்குக் கீழே, 'கிதாருக்கு அமைத்தவர்: பவுல்' என்றிருக்கிறது.

அச்சுக்கோப்பவர் ஒரு வரியை விட்டிருக்கலாம். வாசிப்பவர், அமைத்தவர் என்று இரண்டு வரி இருந்து, ஒன்றோடொன்று சேர்ந்துபோயிருக்கலாம். பள்ளிக்கூட ஆண்டு மலரிலும் இப்படி நடந்திருக்கிறது. இதை மதினியிடம் விளக்கினேன்.

"நீங்க ஏன் அவருக்காக இவ்வளவு யோசிக்கிய? அவரு ஒங்களுக்காக ஒரு நிமிஷம் யோசிச்சாரா?" என்றாள்.

அவளுக்கு அச்சு வேலை தெரியாது. உண்மையில் எப்படி நடந்தது என்று நீயே எழுதிவிட்டால் நல்லது. கச்சேரி நன்றாக நடந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். முப்பத்தோராம் பார் எப்படி இருந்தது?

உன் அண்ணன்,
கிருபாநிதி


கொழும்பு
10-5-1947

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாவரும் நலம். வெயில் அங்கே கொளுத்தும், மதினியை மத்தியானத்தில் வெளியே போக வேண்டாமென்று சொல்லுங்கள். செண்பகத்துக்கு ஒரு நல்ல இடம் பேசிவருகிறோம், முடிந்ததும் எழுதுகிறேன்.

அது அச்சுக்காரன் செய்த பிழை என்று நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். இதற்குப் போய் நமக்குள் கணக்குப் பார்க்கலாமா? சின்ன வயதில் அப்பா வாங்கி வந்த கிதாரை நான் எடுத்துக்கொண்டபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த மனசு எனக்குத் தெரியும்.

இங்கே, முன்பு உங்களுக்கு அனுப்பிவந்த அந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒருவர் கச்சேரியைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் எழுதினேன். 'இந்த ப்யூக்கை அமைத்தவர் தூத்துக்குடியில் இருக்கும் என் அண்ணன் கிருபாநிதி' என்று உங்கள் பெயரைப் போட்டே எழுதிவிட்டேன். அதுவும் ஏப்ரலில் அச்சாகிவிட்டது. இப்போது திருப்திதானே?

கப்பல்காரர் ஒருவர் மூலமாக நல்ல தந்திகள் இரண்டு கட்டு கிடைத்தன. உங்களுக்காக அனுப்புகிறேன்.

பவுல்


தூத்துக்குடி
21-5-1947

அன்புள்ள தம்பி பவுலுக்கு,

சுகம், உங்கள் சுகமும் வேண்டும். செண்பகத்துக்கு நல்ல இடம் அமையட்டும்.

உன் கடிதத்தை மதினிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "பேப்பர்ல வந்ததை வெட்டி அனுப்பியிருக்கலாம்லா?" என்று கேட்டாள். அவளுக்கு எதிலும் சந்தேகம். நான் உன்னைப் பற்றித் தவறாக நினைத்திருந்தால் மன்னித்துவிடு. நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் மார்ச்சிலிருந்து இரவுச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடம் சொன்னேன். நான் இப்படி வலியப் போய்ச் சொல்லிக்கொள்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கொழும்புப் பத்திரிகையில் பெயர் வந்திருக்கிறது என்றதும் அவர் நாலு பேரைக் கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் கை கொடுத்தார்கள். என் பழைய தலைமையாசிரியர்கூட.

சென்னைக்காரருக்கும் எழுதிவிட்டேன். பத்திரிகையின் பெயரையும் மாதத்தையும் குறிப்பிட்டு, 'இதையே நற்சாட்சியாகக் கொள்ளலாம், தாங்களே வரவழைத்துப் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதினேன். இனி உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

தந்திகள் வந்தன. என் கைக்கு அவை அதிகம். ஆனாலும் கிதாரில் பூட்டிவிட்டேன்.

உன் அண்ணன்,
கிருபாநிதி


தூத்துக்குடி
14-7-1947

தம்பி பவுலுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் அனைவரும் சுகமென்று நம்புகிறேன். என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை.

சென்ற மாதம் பதினாறாம் தேதி சென்னையிலிருந்து பார்சல் வந்தது. முப்பது உருப்படிகளும் திரும்பிவிட்டன. மேலே இரண்டு பத்திரிகைத் துண்டுகளை ஊசி குத்தி வைத்திருந்தார்கள். கடிதம் ஏதும் இல்லை. நான்தான் வரவழைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேனே.

முதல் துண்டு அந்த ஆர்கன்காரர் எழுதியது. தாழ்ந்த தந்தி ஒலித்த ஒன்பது இடங்களிலும் அடிச்சுரம் ஒரு முழுச் சுரம் உயர்ந்து நின்றது என்றும், சங்கீதம் எந்தச் சுரத்தில் முடிகிறது என்றே தெரியாத ஒருவர்தான் இதை அமைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மரியாதையான எழுத்து. ஒன்பது இடங்களையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது உன்னுடையது. உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் தமிழில் எழுதுகிறேன்: 'அமைப்பு என்னுடையது அல்ல. இந்தியாவில் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாராக இருந்த, முறையாகச் சங்கீதம் பயிலாத என் அண்ணன் கிருபாநிதி செய்தது. மூத்தவர் மனம் நோகக் கூடாதென்று மேடையில் வாசித்தேன். பிழைகள் அவருடையவை.'

அதைப் படித்தபோது எனக்கு உன் மேல் சந்தேகம் வரவில்லை. என் மேல்தான் வந்தது. மூலத்தையும் என் நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார் பாராகச் சரிபார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. மூலம் ஸி மைனர் என்ற சுருதியில் உள்ளது. நான் அதை டி மைனருக்கு ஏற்றியிருக்கிறேன். ஏற்றியதில் பிழையில்லை. விட்ட குரல்களிலும் பிழையில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அப்போதும் இல்லை.

பிறகு அவர் சொன்ன ஒன்பது இடங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். ஒன்பதும் ஆறாம் தந்தியில் வருபவை. வேறெங்கும் அவர் குறை சொல்லவில்லை. அதைக் கண்டதும் என் கிதாரில் ஆறாம் தந்தியை வழக்கமான சுருதிக்கே ஏற்றி வைத்துக்கொண்டு கடைசி நாலு பாரை வாசித்தேன்.

அடுப்படியிலிருந்து மதினி கேட்டாள். "என்ன அது, பூனைய மிதிச்ச மாதிரி?"

"பவுல் இப்படித்தான் வாசித்திருக்கிறான்" என்றேன்.

அவள் வெளியே வந்தாள். "நீங்க எழுதிக் குடுத்ததைப் பாக்காமலா?"

ஏழாம் குறிப்பில் இரண்டு விஷயம் எழுதியிருந்தேன். தொடங்குமுன் ஆறாம் தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தந்திக்கு நான் எழுதியிருப்பது ஒலிக்கும் சுரம் அல்ல, விரல் வைக்கும் இடம். நீ இடம் பார்த்தே வாசித்துப் பழகியவன் என்பதால் உனக்காக அப்படி எழுதினேன். தந்தியை இறக்காமல் வாசித்தால் ஒன்பது இடங்களிலும் ஒரு முழுச் சுரம் ஏறித்தான் ஒலிக்கும். ஆர்கன்காரரின் காது சரியான காது.

பிப்ரவரியில் நீ, 'ஏழாம் குறிப்பைப் பார்த்தேன், விளங்கிற்று' என்று எழுதியிருந்தாய். அது என் பெயர் இருந்த தாள். அந்த ஒரு தாளை எனக்குத் திருப்பி அனுப்பு. மற்ற எட்டும் உன்னிடமே இருக்கட்டும்.

உபதேசியார் இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பத்திரிகையில் வந்தது என்னவென்று யாரோ கொழும்பிலிருந்து எழுதிவிட்டார்கள்.

அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, விலாசமும் எழுதி வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை தபாலில் சேர்க்கமாட்டேன்.

கிருபாநிதி


கொழும்பு
2-9-1947

அன்புள்ள அண்ணா,

உங்களுக்கும் மதினிக்கும் எப்படியிருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒன்றரை மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாள் என்னிடம் இல்லை. குழாயைத் திறந்த அன்று அதைப் பார்த்தேன், பத்துக் குறிப்பையும் பார்த்ததும் அப்புறம் படிக்கலாமென்று வைத்துவிட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தபோது தேவபிரசாதம் வந்தார். 'இதை நீரா அமைத்தீர்?' என்று கேட்டார். ஆமாம் என்று வாயில் வந்துவிட்டது. தாள்களைக் காட்டச் சொன்னார். உள்ளே போய் முதல் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு மற்றதை எடுத்து வந்தேன். அதற்குப் பிறகுதான் ஏழாம் குறிப்பைப் பார் என்று எழுதிய உங்கள் கடிதம் வந்தது. எரித்த தாளில் என்ன இருந்தது என்று எப்படிக் கேட்பேன்?

அந்தத் தேவபிரசாதத்தின் மூத்த மகனுக்குத்தான் செண்பகத்தை நிச்சயம் செய்திருக்கிறோம். ஜனவரியில் கல்யாணம். ஏப்ரலில் அவர் கேட்டபோது, உங்கள் பிழையை மறைக்கத்தான் என்னுடையது என்று சொன்னேன் என்று சமாளித்தேன், நம்பிவிட்டார். அவர் பெரிய மனுஷர், அதுவும் பொய் என்று தெரிந்தால் அந்த வீட்டுப் படி ஏற முடியாது. செண்பகத்துக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. நீங்கள் பத்திரிகைக்கு எழுதிவிட்டால் அவள்தான் அண்ணா முதலில் அடிபடுவாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம் ஆறாம் தந்தியை இறக்கி வைத்துக்கொண்டு ப்யூக்கை முழுக்க வாசித்தேன். சரியாக இருக்கிறது. ஓரிடத்திலும் பிழையில்லை. முப்பத்தோராம் பாரில் நடுக்குரல் இல்லாதது தெரியவே இல்லை, காது தானாக நிரப்பிக்கொள்கிறது. செண்பகம் கதவோரம் வந்து நின்று, 'இது வேற பாட்டா அப்பா?' என்று கேட்டாள்.

நற்சாட்சி இத்துடன் இருக்கிறது. இரண்டு வரி கேட்டீர்கள், பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறேன். சென்னைக்காரருக்கு அனுப்புங்கள். பத்திரிகைக்கு மட்டும் வேண்டாம்.

உங்கள் தம்பி,
பவுல்


தூத்துக்குடி
28-9-1947

பவுலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்திரிகைக்கு எழுதியிருந்ததை நேற்று மதினி அடுப்பில் போட்டுவிட்டாள். நான்தான் கொடுத்தேன். அது உனக்காகச் செய்ததல்ல. செண்பகம் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

நற்சாட்சியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். சென்னைக்காரரிடம் அதைக் காட்டினால், ஏப்ரலில் பிழை என்ற மனிதர் செப்டம்பரில் பிழையில்லை என்பது ஏன் என்று கேட்பார். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லக் கூடாதென்றுதான் நீ கேட்டிருக்கிறாய்.

முப்பத்தோராம் பாரைப் பற்றி நீ எழுதியிருக்கும் வரியைப் பலமுறை படித்தேன். காது தானாக நிரப்பிக்கொள்கிறது என்கிறாய். அப்படி நிரப்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் அதை விட்டேன். போன வருஷம் இந்த ஒரு வரி வந்திருந்தால் வேறெதுவும் கேட்டிருக்கமாட்டேன். புத்தகம்கூட வேண்டாமென்று இருந்திருப்பேன்.

இப்போது அதே தாளில், அதற்குக் கீழேயே, உன் வேண்டுகோள் இருக்கிறது. வாசித்ததில் தெரிந்ததைச் சொன்னாயா, நான் சும்மா இருக்க வேண்டுமென்று சொன்னாயா? மேலே உள்ளதை மட்டும் தனியாகப் படித்துப் பார்த்தேன். கையால் கீழே மறைத்துக்கொண்டும் படித்தேன். செண்பகம் கேட்டதாக நீ எழுதியிருப்பதையாவது நம்பலாமென்று நினைத்தேன். அதையும் நீதான் எழுதியிருக்கிறாய். அவளிடம் கேட்டுப் பார்க்கவும் முடியாது. கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும்.

"நல்லாருக்குன்னுதான எழுதியிருக்காரு? அதையே வச்சிக்கிட்டு நிம்மதியா இருங்களேன்" என்றாள் மதினி. முயன்று பார்த்தேன்.

ஆகவே அது சரியா தவறா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. முப்பதையும் கட்டி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

செண்பகத்துக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். கல்யாணத்துக்கு நாங்கள் வரவில்லை. சம்பந்தி வீட்டார் கேட்டால், அண்ணனுக்குக் கப்பல் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று சொல். நீ சொன்னால் நம்புவார்கள்.

கிருபாநிதி